மின்கலம் இல்லாமல் மின்னியல் கற்றோர்

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பௌதிகவியல் வெறுமனே ஒரு பாடமன்று. பொறியியல், மருத்துவம் ஆகிய இரு பீடங்களுக்குமான வழியும் அதனூடாகவே செல்கிறது. முதலாம் பத்திரத்தில் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் பத்திரத்தில் அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டுரை வினாக்களும். அமைப்பு வினாக்கள் பெரும்பாலும் ஆய்வுகூடப் பரிசோதனைகளைத் தழுவியவை. எனவே கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடிப்பது மட்டும் ஆயத்தமாகாது. கருவியைத் தொட்டுப் பழகியிருக்கவும் வேண்டும்.

வேணியர் இடுக்கியைக் கையிலெடுக்கும் மாணவன் முதலிற் கற்பது, அளக்குமுன் பூச்சிய வழுவைப் பார்க்க வேண்டும் என்பதே. ஆனால் மாணவரை அளந்த அளவுகோல் எப்போதும் வழுவின்றி இருக்கவில்லை. 1971இல் பொறியியல் பீட அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழிமூல மாணவருக்கோ 250 தேவைப்பட்டது. தரப்படுத்தல் என்ற சொல் தமிழர் அரசியலில் ஆறாத வடுவானது இவ்வாறுதான். மொழிவாரித் தரப்படுத்தல் 1977இல் கைவிடப்பட்டபோதும் மாவட்ட ஒதுக்கீடு நிலைத்தது.

அடுத்த சோதனை 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதோடு வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. தடைசெய்யப்பட்ட பொருட்களில் மின்கலமும் ஒன்று. மின்கலமின்றி மீற்றர்ப் பாலமும் அழுத்தமானியும் வெறும் மரப்பலகைகளே. மண்ணெண்ணெயும் அருமையாகிவிட, மாணவர் ஜாம் போத்தல் விளக்கின் சிறுசுடரிற் படித்தனர். அதே காலத்தில் வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பரடேயின் மின்காந்தத் தூண்டலுக்கு அதைவிடச் சிறந்த செய்முறை வேறில்லை.

2001இல் இசட் புள்ளி முறை அறிமுகமாயிற்று. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளிக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை நியம விலகலால் வகுப்பதே இதன் அடிப்படை. கடினமான வினாத்தாளுக்கு அமர்ந்தவர் பாதிக்கப்படாதிருப்பதே நோக்கம். எனினும் 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவரை ஒன்றாகக் கணித்தமை வழக்கிற் போய் முடிந்தது; 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை நிராகரித்தது.

எந்தச் சூத்திரமும் விடைத்தாளிலுள்ள புள்ளியையே அறியும். அது எந்த வெளிச்சத்தில் ஈட்டப்பட்டது என்பதை அறியாது. போர்க்காலப் பெறுபேறுகளை இன்று ஆராய்வோர் அந்தச் சிறுசுடரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.