டாம் டால்யெல்

டாம் டால்யெல் (1932–2017): பிரித்தானியத் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர். 1962 முதல் 2005 வரை மக்களவையில் இருந்தார். அரசின் வெளியுறவு, போர் முடிவுகளை ஓர் உறுப்பினர் தனியாகவே எவ்வளவு தூரம் துருவிக் கேட்க முடியும் என்பதற்கு இவரைவிட நல்ல சான்று அரிது.

1982 மே 2 அன்று, ஃபாக்லாந்துப் போரின்போது, அர்ஜென்டினாவின் ‘ஜெனரல் பெல்கிரானோ’ போர்க்கப்பலைப் பிரித்தானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. 323 பேர் இறந்தனர். கப்பல் பிரித்தானியக் கடற்படையை நெருங்கி வந்ததாக அரசு முதலில் கூறியது. உண்மையில் அது பிரித்தானியா அறிவித்திருந்த 200 கடல்மைல் தடைவளையத்துக்கு வெளியே, தாயகத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பெரு நாட்டின் சமாதான முயற்சியைக் குலைக்கவே தாக்குதல் நடந்தது என்று டால்யெல் குற்றஞ்சாட்டினார். அந்த நோக்கம் நிறுவப்படவில்லை. ஆனால், திசை பற்றியும் நேரம் பற்றியும் அவர் அவையில் விடாமல் எழுப்பிய கேள்விகளால் அரசின் முதல் விளக்கம் நிலைக்கவில்லை.

1984இல் பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பாண்டிங், பெல்கிரானோ தாக்குதல் பற்றிய இரண்டு ஆவணங்களை டால்யெலுக்கு அனுப்பினார். அவர் அவற்றை அவையின் வெளியுறவுக் குழுத் தலைவரிடம் சேர்ப்பித்தார். குழுத் தலைவரோ அவற்றை அமைச்சகத்துக்கே திருப்பிவிட்டார்! கண்காணிக்க வேண்டிய குழு செய்யக் கூடாத செயல் இது. அரசு ரகசியச் சட்டத்தின்கீழ் வழக்குக்குள்ளான பாண்டிங்கை 1985 பிப்ரவரியில் ஜூரி விடுவித்தது.

ஈராக் மீதான ராணுவ நடவடிக்கைக்கு நாடாளுமன்ற ஒப்புதலைக் கட்டாயமாக்கும் தனிநபர் மசோதாவை 1999இல் டால்யெல் கொண்டுவந்தார். விவாதத்துக்குத் தேவையான இசைவை அரசின் ஆலோசனைப்படி அரசி மறுத்ததால், அது விவாதிக்கப்படாமலேயே முடிந்தது.