வயநாட்டுத் தங்கமும் மணவாளக்குறிச்சி மணலும்: சுரங்கப் பங்கு முதலீட்டின் தமிழ்நாட்டு வரலாறு

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதற்குச் சில வாரங்களிலேயே மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் ஓய்வூதியர்களிடையே "ரேர் எர்த் ஷேர்" என்ற பேச்சு தொடங்கிவிட்டது. சுரங்கப் பங்குகளின் மீதான இந்த மோகம் நம் பகுதிக்குப் புதியதன்று. இதே சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இது ஒருமுறை உச்சத்துக்குப் போய் இறங்கியிருக்கிறது.

தென்கிழக்கு வயநாடு 1877இல் மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரி மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. இன்றைய பந்தலூர், தேவாலா பகுதிகள் அதில் அடங்கும். அங்கு ஓடை மணலை அரித்துச் சிறிது தங்கம் எடுப்பது பழங்குடியினர் நெடுங்காலமாகச் செய்துவந்த வேலை. ஐரோப்பியர்கள் அங்கே காப்பி பயிரிட வந்தவர்கள். தண்டுத் துளைப்பானும் இலை நோயும் காப்பியை அழித்தபோது, தோட்டக்காரர்களின் பார்வை தோட்டத்தின் அடியிலிருந்த வெண்கல் பாறைகள் மீது திரும்பியது. 1870களில் ஆல்பா என்ற சிறு நிறுவனம் பாறையை உடைத்துப் பார்த்து நட்டமடைந்தது. அந்த அனுபவமே போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அரசு ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க வல்லுநரை வரவழைத்தது. 1880இல் வெளியான அவருடைய அறிக்கை நம்பிக்கை தருவதாக இருந்தது. உடனே லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. ஓரிரு ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் தொடங்கப்பட்டன. அவற்றின் மூலதனம் 40 லட்சம் பவுண்டுக்கும் மேல். பந்தலூர் ஒரு நகரமாகவே மாறியது. குதிரைப் பந்தயத்துக்கு மைதானம்கூட அமைத்தார்கள்.

திரட்டிய பணம் எங்கே போனது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பெரும்பகுதி சுரங்கத்துக்குப் போகவில்லை. நோய் கண்டு விலைபோகாமல் கிடந்த காப்பித் தோட்டங்கள் தங்க நிலம் என்ற பெயரில் பன்மடங்கு விலைக்குக் கம்பெனிகளின் தலையில் கட்டப்பட்டன. கம்பெனியைத் தொடங்கி வைத்தவர்கள் தங்கள் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். எஞ்சியதில் இயந்திரங்கள் வாங்கி, மாட்டு வண்டிகளில் மலையேற்றினார்கள். பாறையை அரைத்தபோது, மாதிரிக் கற்களில் காட்டிய தங்கம் டன் கணக்கில் அரைத்த கல்லில் இல்லை. செலவுக்கே கட்டவில்லை. ஒருசில ஆண்டுகளில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிறகு, நூற்றாண்டின் திருப்பத்தில் ஹேடன், ஹாட்ச் என்ற வல்லுநர்கள் முறையாக ஆராய்ந்தபோதும் நம்பிக்கையான முடிவு கிடைக்கவில்லை.

இதே காலத்தில் அதே லண்டன் பணத்தில் தொடங்கியதுதான் கோலார். அங்கேயும் முதல் சில ஆண்டுகள் ஏமாற்றமே. மைசூர் கம்பெனியின் பணம் தீரும் தறுவாயில், மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஜான் டெய்லர் நிறுவனம் வற்புறுத்தி இன்னும் ஆழமாகத் தோண்ட வைத்தது. சாம்பியன் படிவம் கிடைத்தது. 2001 பிப்ரவரி 28இல் மூடப்படும் வரை கோலார் வயல் ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்தது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்களே அதன் தொழிலாளர்களில் பெரும்பாலோர். லாப ஈவு லண்டனுக்குப் போனது. சுரங்கத் தூசியால் வந்த நுரையீரல் நோய் இவர்களோடு தங்கியது. 1880இல் வயநாட்டுப் பங்கையும் கோலார்ப் பங்கையும் கையில் வைத்திருந்த ஒருவரால் எது பிழைக்கும் என்று சொல்லியிருக்க முடியாது.

மயிலாப்பூர்க்காரர்களின் சேமிப்பு கரைந்தது வேறோர் இடத்தில். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானதற்கு அதன் லண்டன் கூட்டாளியின் சூதாட்ட முதலீடுகளும் காரணம். அதன் எதிரொலியாக வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர். சென்னையின் முதல் பங்குச் சந்தை 1920இல் தோன்றியது. நூறு தரகர்கள் இருந்த அது 1923இல் மூவராகச் சுருங்கி மறைந்தது. 1937இல் மீண்டும் அமைக்கப்பட்ட சந்தையும் 2015இல் விடைபெற்றது. இடையில் 1990களின் புதுப் பங்கு வெளியீட்டு அலையில் நானும் ஒரு கிரானைட் கம்பெனியின் பங்கை வாங்கினேன். சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது, கம்பெனி இல்லை.

இனி அருமண்ணுக்கு வருவோம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மஞ்சள் மணலைக் கண்டு அதன் மூலத்தைத் தேடி மணவாளக்குறிச்சி வந்தார் என்பது பலரும் சொல்லும் வரலாறு. அந்த மணல் மோனசைட். கேஸ் விளக்கின் வலைக்குத் தோரியம் வேண்டியிருந்ததால் அன்று அதற்கு மதிப்பு. அதிலிருந்த அருமண்கள் அன்று பொருட்படுத்தப்படவில்லை. இன்று மின்வாகன மோட்டார்களின் காந்தத்துக்கு அந்த அருமண்களே தேவை.

1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் அமைக்கப்பட்டது. 1963 முதல் அது அணுசக்தித் துறையின்கீழ் முழு அரசு நிறுவனம். தோரியம் கலந்திருப்பதால் மோனசைட் அணுக் கனிமமாகக் கருதப்படுகிறது. தனியார் அதைத் தொட முடியாது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் மணல் அள்ள அந்நிறுவனத்துக்குக் குத்தகை அளிக்கப்பட்டதை எதிர்த்துக் கடலோர ஊர்கள் போராடி வருகின்றன. கதிர்வீச்சையும் கடல் அரிப்பையும் பற்றிய அவர்களுடைய அச்சம் பங்கு விலைப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை.

அந்த நிறுவனத்தின் பங்கு சந்தையில் பட்டியலிடப்படவில்லை. ஆகவே பூங்காவில் பேசப்படுவது வேறு பங்குகள். அவற்றுள் ஒன்று குஜராத் கனிம வளர்ச்சிக் கழகம். அம்பாடுங்கர் என்ற இடத்தில் அதற்கு அருமண் திட்டம் இருக்கிறது. ஆனால் இதுவரை அதன் வருமானத்தில் பெரும்பங்கு பழுப்பு நிலக்கரி விற்பனையிலிருந்தே வந்திருக்கிறது. ஆண்டறிக்கையைப் புரட்டினால் இது தெரிந்துவிடும்.