நாடி காட்டும் மூச்சளவு

இடையறாது உழைக்கும் ஆற்றல் ஒருவரிடம் எவ்வளவு உண்டு என்பதை, அவருடைய உடல் நிமிடமொன்றுக்கு உச்சமாக எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்துகின்றது என்பதைக்கொண்டு பெரும்பாலும் மதிப்பிடலாம். இவ்வுச்சத்தை அளக்க முற்பட்டவர்களுள் இங்கிலாந்து அறிஞர் ஏ. வி. ஹில் முதன்மையானவர். வெளிவிடும் மூச்சைச் சேர்க்கும் பெரிய பையொன்றை முதுகிற் சுமந்துகொண்டு அவர் தாமே ஓடினார். வேகம் கூடக்கூட ஒட்சிசனின் அளவும் கூடியது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 லீற்றர் ஆனதும் ஏற்றம் நின்றுவிட்டது. லப்டன் என்பவருடன் சேர்ந்து இம்முடிவுகளை அவர் 1923இல் வெளியிட்டார்.

ஆனால், உச்சத்தைக் காண்பதற்கு ஆளைக் களைத்துச் சோரும்வரை ஓட்டவேண்டும். விளையாட்டு வீரன் அதனைத் தாங்குவான். இதயம் நலிந்த முதியவரை அவ்வாறு ஓட்டுவது எங்ஙனம்?

இதற்கு வழி கண்டவர்கள் சுவீடன் நாட்டினர். ஸ்டொக்ஹோம் நகரிலே பேர் ஒலோஃப் ஓஸ்ட்ராண்ட் என்பவரும் இர்மா ரீமிங் என்னும் பெண்மணியும் 1954இல் ஒரு கணிப்பு வரைபடத்தை வெளியிட்டனர். அதற்கு வேண்டிய கருவி, நின்ற இடத்தை விட்டு நகராத துவிச்சக்கரவண்டி. அதன் சில்லைச் சுற்றி ஒரு பட்டி உண்டு. பட்டியை இறுக்கினால் மிதிப்பவரின் வேலை கடினமாகும். அக்காலத்திற் சுவீடனில் உருவான வண்டியில், மிதியை ஒருமுறை சுற்றினால் சில்லின் விளிம்பு 6 மீற்றர் செல்லும். நிமிடத்துக்கு 50 சுற்று எனின் 300 மீற்றர். ஆகவே செய்த வேலை கணக்கிற் பிசகாது. வண்டி மிதிப்பதில் ஆளுக்காள் திறமை அதிகம் வேறுபடாமையால், வேலையிலிருந்து ஒட்சிசனின் அளவையும் ஊகிக்கலாம்.

ஏறக்குறைய 6 நிமிடம் மிதித்தபின் நாடித்துடிப்பை எண்ணினர். தமது உச்ச அளவிற் பாதியைப் பயன்படுத்தும்போது ஆண்களின் இதயம் நிமிடத்துக்குச் சராசரி 128 தடவையும், பெண்களின் இதயம் 138 தடவையும் துடித்தன. இத்தொடர்பைப் பற்றிக்கொண்டு, இளைக்காமலே உச்சத்தைக் கணித்தனர். அழகிய உபாயந்தான்!

எனினும், சோதனைக்கு உட்பட்டோர் நன்கு பயிற்சி பெற்ற இளவயதினர். முதுமையில் இதயத்தின் உச்சத் துடிப்புத் தணிந்துவிடும். அதனால் அதே வரைபடம் முதியவரை உள்ளதிலும் வலியவராகக் காட்டியது. பொய்யான தைரியம் நோயினும் கொடிதாகலாம். ஓஸ்ட்ராண்டை மணந்து இர்மா ஓஸ்ட்ராண்டாகிய அப்பெண்மணியே 1960இல் இதனைத் திருத்தினார். வரைபடம் 3 லீற்றர் என்று காட்டினால், 45 வயதினர் அதனை 0.78ஆலும், 65 வயதினர் 0.65ஆலும் பெருக்கவேண்டும். பின்னவருக்குக் கிடைப்பது 1.95 லீற்றரே.

இன்றைய தேகப்பயிற்சிக் கூடங்களிற் பல வண்டிகள் காட்டும் எண்ணும் நாடியிலிருந்தே பிறக்கின்றது. இதயத்துடிப்பைத் தணிக்கும் மருந்தை உண்பவர் அவ்வண்டியில் ஏறினால், அவருடைய வயதைக் கேட்டறிந்த பின்னரும் அது அவரை வலியவர் என்றே சொல்லிவிடக்கூடும்.