ஸ்ரீகாந்த்: அதே ஷாட்தான், பேருதான் மாறிச்சு

தேவனாம்பட்டினம் பீச் கிரிக்கெட்ல முதல் பந்தையே தூக்கி அடிக்கிற ஆள் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். 1980-களின் இந்திய அணியில் அந்த ஆள், சென்னை ஸ்ரீகாந்த்.

1983 உலகக் கோப்பை ஃபைனலில் இந்தியா மொத்தமே 183 ரன். இரண்டு அணியையும் சேர்த்து அதிகபட்சம் அவர் அடித்த 38.

1989-ல் கேப்டனாக பாகிஸ்தான் போனார். சச்சின் அறிமுகமான டூர் அது. இம்ரான், அக்ரம், வக்கார் எதிரே இருந்தும் நாலு டெஸ்டும் டிரா. ஆனா ஸ்ரீகாந்த் 7 இன்னிங்ஸில் எடுத்தது 97 ரன்தான். கேப்டன் பதவியும் போச்சு, டீம்ல இடமும் போச்சு.

1991-92 ஆஸ்திரேலிய டூரில் டெஸ்ட் அணிக்குத் திரும்ப வந்தார். பெர்த் டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 5 கேட்ச் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தார். பெரிய ஸ்கோர் மட்டும் வரல. 1992 உலகக் கோப்பையில், அடிலெய்டில், தென்னாப்பிரிக்காவின் டொனால்ட் பந்தில் டக் அவுட். அதுவே கடைசி சர்வதேசப் போட்டி. வயசு 32.

தடுத்து ஆடித் தப்பிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பவுண்டரி போனப்ப நாம 'தைரியம்'னு கைதட்டின அதே ஷாட், கேட்ச் ஆனப்ப 'பொறுப்பில்லாத ஆட்டம்' ஆயிடுச்சு. அந்த ஆட்டத்தை வச்சே ஒருநாள் போட்டிகளில் 4,091 ரன் சேர்த்தார். அவர் விலகினப்ப, எந்த இந்தியரும் அதைவிட அதிகம் அடிச்சதில்ல.