பிச்சி: வாரக்குடிகளின் உணவு

இத்தாலியின் தொஸ்கானாப் பகுதியில், சியேனாவை அடுத்த சிற்றூர்களுக்குச் செல்லும் பயணியர் விரும்பிச் சுவைப்பது 'பிச்சி'. கோதுமை மாவை நீரில் பிசைந்து, கீற்றுகளாக அரிந்து, ஒவ்வொன்றையும் பலகைமேல் கையால் உருட்டி நீட்டிய தடித்த இழை அது. முட்டை சேர்ப்பது அரிது. அதன் காரணம் வேளாண் வரலாற்றில் உள்ளது.

நூற்றாண்டுகளாக அங்கு நிலவிய 'மெட்ஸாத்ரியா' என்னும் வாரமுறையில், விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்குரியது. கோழியும் முட்டையுங்கூடக் காணிக்கையாகச் சென்றன. எனவே உழவர்க்கு எஞ்சியவை மாவும் நீரும். பாலாடைக்கட்டிக்கு மாற்றாகப் பழைய ரொட்டியின் துகளை எண்ணெயில் வறுத்துத் தூவினர்.

1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. உழவர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்தம் பண்ணை வீடுகள் பல விருந்தினர் விடுதிகளாயின. இல்லாமை ஈன்ற உணவு அங்கே இன்று விருந்தாகப் படைக்கப்படுகிறது. அதனைச் சுவைப்போர், அதில் சேராத முட்டையின் கதையையும் அறிதல் நன்று.