ஊசியிலும் நாக்கின் அடியிலும் ஒரே மருந்து: வடசென்னையில் போதை அடிமைத்தனமும் சிகிச்சையும்

1. களம்

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோரம் துறைமுகத்தாலும் ஆலைகளாலும் கண்டெய்னர் லாரிகளாலும் பிழைக்கிறது. மது, கஞ்சா, பிரவுன் சுகர் எனும் தூய்மையற்ற ஹெராயின், வலி மாத்திரை எல்லாம் இங்கே புழங்குகின்றன. 1990-களில் சென்னையில் பிரவுன் சுகர் புகைத்த பலர் புப்ரெனார்ஃபின் என்ற வலிநிவாரணி ஊசிக்கு மாறினார்கள். ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டதால் எச்.ஐ.வி. பரவியது. அண்மை ஆண்டுகளில் டாபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள்.

2. கோட்பாடுகள்

2.1 ஒழுக்கக் கோட்பாடு: அடிமையானவர் மன உறுதி இல்லாதவர் என்பது இதன் வாதம். தெருவிலும் காவல் நிலையத்திலும் இன்றும் இதுவே செல்லுபடியாகிறது. விட நினைத்தும் விட முடியாமல் தவிப்பவரை இது விளக்குவதில்லை.

2.2 நோய்க் கோட்பாடு: 1960-இல் மது ஆய்வாளர் ஜெல்லினெக் குடியடிமையை நோயாக வரையறுத்து நூல் எழுதினார். போதைப்பொருள் மூளையின் டோபமைன் பாதையைத் திரும்பத் திரும்பத் தூண்டுவதால், இன்பம் குறைந்த பின்னும் வேட்கை குறைவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

2.3 சூழல் கோட்பாடு: வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகி நாடு திரும்பிய அமெரிக்கப் படையினரை ஆய்வாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். முதல் ஓராண்டில் மீண்டும் அடிமையானோர் சுமார் 5 விழுக்காட்டினரே. அவர்களுக்கு இடம் மாறியது. வடசென்னையின் காசிமேட்டு மீன்பிடித் தொழிலாளிக்கு மாறுவதில்லை; சிகிச்சை முடிந்து அதே சந்துக்கு, அதே கூட்டாளிகளிடம், அதே இரவு வேலைக்குத்தான் திரும்புகிறார்.

3. சிகிச்சை முறைகள்

3.1 நச்சுநீக்கம்: உடலைத் தெளிவிக்கும் முதல் படி மட்டுமே. கடுங்குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். மருத்துவக் கண்காணிப்பு கட்டாயம்.

3.2 மாற்று மருந்து: நரம்பில் ஏற்றிச் சீரழித்த அதே புப்ரெனார்ஃபினை இன்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் நாக்கின் அடியில் வைக்கத் தருகிறார்கள். அது மெல்ல ஏறி நெடுநேரம் நின்று வேட்கையை அடக்குகிறது. ஊசியின் தேவை குறைகிறது. மருந்து ஒன்றே, அளவும் வழியும் உடனிருப்போரும் மாறியதால் விளைவு மாறியது.

3.3 குடும்பம்: 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் நிறுவனம் என்ற போதை மீட்பு மையம் மனைவியையும் பெற்றோரையும் சிகிச்சையில் சேர்த்தது. அந்த மையம் நகரின் தென்பகுதியில் உள்ளது. தினக்கூலி இழந்து அவ்வளவு தூரம் போய்வர எண்ணூர்க் குடும்பத்தால் எளிதில் இயலாது.

4. முடிபு

மூளையும் சூழலும் சேர்ந்தே அடிமைத்தனத்தை உண்டாக்குகின்றன. எனவே சிகிச்சை ஊரின் தொழில் நேரத்துக்கு இணங்க வேண்டும். மாற்று மருந்து மையம் மீன் ஏலத்துக்கு முன்பே திறக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிகள் கரையில் இருக்கிறார்கள். உள்நோயாளியாகச் சேர்க்க ஏற்ற காலம் அதுவே. ஆனால் வருமானம் நின்ற வேளையில் குடும்பத்துக்கு உதவித்தொகை இன்றி அது நடக்காது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64அ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கிய அடிமை தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவருக்கு அந்த வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. இதைக் காவல் நிலையம்தோறும் எடுத்துச் சொல்ல வேண்டும். மீண்டும் போதைக்குத் திரும்புபவரைத் திட்டி விரட்டக் கூடாது. சர்க்கரை ஏறிய நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை, இவரையும் எத்தனை முறை வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.