நாயிபும் நவாபும்: சீட்டாட்டப் பெயர்களின் வழித்தடம்

ஒலி ஒன்றாயிருந்தால் பிறப்பும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்வது, சொல்லாராய்ச்சியில் இறங்குவோர் முதலில் இடறும் கல்லாகும். இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டுவதில்லை. போடிநாயக்கனூருக்கு மேற்கேயுள்ள மலைச்சரிவுகளில் விளையும் ஏலம், போடியிலே ஏலத்திற்கு வருகிறது. இவ்விரண்டு 'ஏலம்' என்னும் சொற்களுக்கும் எவ்வித உறவும் இல்லை. முன்னது இம்மண்ணின் பழஞ்சொல்; வடமொழியில் 'ஏலா' என வழங்குவது; பாரசீகம் வழியே அரபு நாடு சென்று 'ஹைல்' ஆயிற்று. பின்னது போர்ச்சுகீசியரின் 'லெய்லாவ்ங்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் அறிவிப்பைக் குறித்த 'அல்-அஃலாம்' என்னும் அரபுச் சொல்லே என்பர் மொழியறிஞர். சரக்கின் பெயர் இங்கிருந்து அரபுக்குப் போயிற்று. அதை விற்கும் முறையின் பெயர் அரபிலிருந்து கடல் சுற்றி இங்கு வந்து சேர்ந்தது.

இந்த எச்சரிக்கையை மனத்திலிருத்திக் கொண்டு, சீட்டாட்டத்தின் பெயர்களை ஆராய்வோம். பணயம் வைத்தாடும் சூதினைத் திருக்குர்ஆன் 'மைசிர்' எனக் கூறி விலக்கியிருப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். நாம் ஆட்டத்திற்குப் பரிந்து பேச வரவில்லை. பெயர்கள் சுமந்து வந்த வரலாற்றையே விசாரிக்கிறோம்.

போடிமெட்டைக் கடந்தால் கேரளம். அங்கே பெயர்பெற்ற சீட்டாட்டம் 'இருபத்தெட்டு'. சீட்டுகளின் எண்ணிக்கை அது என்று சிலர் எண்ணுவர். அன்று, ஆடப்படும் சீட்டுகள் முப்பத்திரண்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என ஓர் இனத்திற்கு 7 புள்ளிகள். நான்கு இனங்களுக்கு 28. இரண்டு கட்டுகளைச் சேர்த்தாடுவது 'ஐம்பத்தாறு'. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஆடப்படும் 'முந்நூற்று நான்கு' என்பதன் பெயரும் இவ்வழியே பிறந்ததுதான். ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 எனக் கூட்டினால் 76. அதன் நான்கு மடங்கு 304. பெயரே கணக்கு; கணக்கே பெயர்.

இவ்வாட்டங்களில் ஒரு விந்தையுண்டு. ராஜாவும் ராணியும் கீழே கிடக்க, ஜாக்கி எல்லோருக்கும் மேலே அமர்கிறான். அவனுக்கு அடுத்த இடம் ஒன்பதுக்கு. இவ்வரிசை நம்மவர் கற்பனையன்று. டச்சுக்காரர்களின் 'க்ளாவர்யாஸ்' முதலிய ஆட்டங்களில் துருப்பு இனத்துச் சீட்டுகளுக்கு இதே வரிசைதான். அவர்கள் 1658-இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கு நிலைத்திருந்தவர்கள். நாம் 'கிளாவர்' என்று சொல்வது ஆங்கிலத்தின் 'கிளப்' அன்று. டச்சு மொழியின் 'க்ளாவர்' ஆகும். 'ஆட்டின்' என்பதும் ஆங்கிலத்து 'ஹார்ட்'டைக் காட்டிலும் டச்சு 'ஹார்ட்டன்' என்பதற்கே நெருக்கமானது. சிங்களத்தில் சீட்டின் நான்கு இனங்களும் கலாபர, ஹாரத, ருவித, இஸ்கோப்ப என்று இன்றும் டச்சுப் பெயர்களாலேயே வழங்குவது இதற்கு வலுவூட்டுகிறது.

டச்சுக்காரருக்குச் சீட்டு எங்கிருந்து கிடைத்தது? இக்கேள்வி நம்மை எகிப்தின் மம்லூக் சுல்தான்களிடம் கொண்டு சேர்க்கிறது. இஸ்தான்பூலின் தோப்காப்பி அரண்மனையிலுள்ள மம்லூக் சீட்டுக்கட்டைப் பற்றி எல். ஏ. மேயர் என்னும் அறிஞர் 1939-இல் ஆராய்ந்து எழுதினார். வாள், கிண்ணம், நாணயம், குதிரைப் பந்தாட்டக் கோல் என நான்கு இனங்கள்; இனத்திற்குப் பதின்மூன்றாக 52 சீட்டுகள் கொண்ட கட்டு அது. ஒவ்வோர் இனத்திலும் அரசவையைச் சேர்ந்தோர் மூவர்: 'மலிக்' என்னும் அரசர், 'நாயிப்' என்னும் அவருடைய பிரதிநிதி, 'தானீ நாயிப்' என்னும் இரண்டாம் பிரதிநிதி. இச்சீட்டுகளில் மனித உருவங்கள் இல்லை. அழகிய கொடிவேலைப்பாடும், பதவியைக் குறிக்கும் அரபு எழுத்தும் உண்டு.

முகத்தைப் பார்த்து அறிய வழியில்லாத சீட்டைப் பதவிப் பெயரால்தான் அறிய முடியும். அதனால்தான் போலும், ஐரோப்பியர் இச்சீட்டைக் கண்டபோது 'நாயிப்' என்னும் சொல்லையே ஆட்டத்திற்குப் பெயராக்கிக் கொண்டனர். 1371-இல் கட்டலான் மொழியில் 'நாயிப்' என்னும் சொல் பதிவாகியுள்ளது. 1377-இல் ஃபுளோரன்ஸ் நகராட்சி 'நாயிப்பே' என்னும் ஆட்டத்தைத் தடைசெய்தது. ஸ்பானிய மொழியில் சீட்டுக்கு இன்றளவும் 'நாய்ப்பே' என்றே பெயர். அங்கே வாள், கிண்ணம், நாணயம் ஆகிய இனங்கள் அப்படியே நிலைத்தன. குதிரைப் பந்தாட்டம் அறியாத மக்களிடையே கோல் மட்டும் தடியாயிற்று. வாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல் 'ஸ்பாதா'. அதுவே ஆங்கிலத்தில் 'ஸ்பேட்' ஆகித் தமிழில் 'இஸ்பேடு' ஆயிற்று. மண்வெட்டி போல ஒலிக்கும் அந்தப் பெயரின் உள்ளே உறைந்து கிடப்பது வாள்தான்.

மேற்கே 'நாயிப்' சென்றது போலவே, கிழக்கே வேறொரு பெயர் பயணம் செய்தது. அது 'கன்ஜிஃபா'. மம்லூக் காலத்து அரபு எழுத்துக்களில் காணப்படும் இச்சொல், பாரசீகத்திலும் முகலாயர் அவையிலும் 'கஞ்சிஃபா' என வழங்கிற்று. பாபர் 1527-இல் சிந்து நாட்டின் ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபா அனுப்பியதைத் தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார். இனத்திற்குப் பன்னிரண்டாகப் பன்னிரண்டு இனங்கள், ஆக 144 சீட்டுகள் கொண்ட ஆட்டத்தை 'ஆயினே அக்பரி' விவரிக்கிறது. பின்னர் திருமாலின் பத்து அவதாரங்களைப் பத்து இனங்களாகக் கொண்ட 120 வட்டச் சீட்டுகள் தோன்றின. ஒரியாவில் இது 'கஞ்சப்பா'. மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதுப்புது வகைகளை உருவாக்கி இதனை வளர்த்தார். வளைகுடா நாடுகளில் பிழைப்பின் நிமித்தம் வாழும் நம்மவர், குவைத்திலும் பஹ்ரைனிலும் முதியோர் சீட்டாட்டத்தை 'ஜன்ஜஃபா' என்று சொல்லக் கேட்டிருக்கலாம். அது இதுவே.

பாரசீக மொழியில் 'கன்ஜ்' என்றால் புதையல். அதனால் 'கன்ஜிஃபா' புதையலிலிருந்து பிறந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் உண்டு. சீனச் சொல்லே மூலம் என்பாரும் உண்டு. அறிஞர்களிடையே இது தீராத வழக்கு. ஒலியின் முதற்பாதி பொருந்துவதைக் கொண்டு தீர்ப்பு எழுதுவது, ஏலக்காயிலிருந்துதான் ஏலம்போடுதல் வந்தது என்பதற்கு ஒப்பாகும். 'நாயிப்' செய்தி அத்தகையதன்று. அங்கே ஒலி பொருந்துகிறது. சீட்டின் மீதே சொல் எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் ஆண்டோடு பதிவும் கிடைக்கிறது. மூன்று சாட்சிகள் ஒருமுகமாகப் பேசும்போது ஐயத்திற்கு இடமில்லை.

எல்லாம் எம்மிடமிருந்தே சென்றன என்று பெருமை பேசும் பழக்கம் எல்லாச் சமூகத்தாரிடமும் உண்டு. நாமும் அதற்கு விலக்கல்லோம். ஆயின் சொற்களின் வரலாறு அப்பெருமைக்கு இடங்கொடுப்பதில்லை. நம் நாட்டுச் 'சதுரங்கம்' அரபிலே 'ஷத்ரஞ்' ஆயிற்று. அரபு 'நாயிப்' ஸ்பெயினில் 'நாய்ப்பே' ஆயிற்று. கொடுத்தவன் பெற்றவனாகவும் பெற்றவன் கொடுத்தவனாகவும் மாறி மாறி நிற்பதே அங்கு நாம் காண்பது.

அந்த 'நாயிப்' நமக்கு அந்நியனுமல்லன். அதன் பன்மை 'நுவ்வாப்'. மரியாதை கருதி ஒருவரையே அவ்வாறு பன்மையில் அழைத்ததால் 'நவாப்' பிறந்தது. ஆற்காட்டு நவாபின் பட்டமும் ஸ்பானியரின் சீட்டும் ஒரே வேர்ச்சொல்லின் இரு கிளைகள். ஏலமலையின் மேற்குச் சரிவில் 'இருபத்தெட்டு' ஆடுவோர் கையில் ராஜாவை வென்று நிற்கும் ஜாக்கியும், பழைய மம்லூக் கட்டில் மூன்றாம் இடத்திலிருந்த 'தானீ நாயிபின்' இடத்திலேயே நிற்கிறான். அங்கே அவன் அரசனுக்குப் பிரதிநிதியின் பிரதிநிதி. இங்கே அரசனுக்கும் மேலானவன். பெயரும் உருவமும் மாறியும், வந்த வழி மட்டும் அழியாமல் இருக்கிறது.